செங்கோட்டை மலையேற ஒரு பழைய செடான்: எட்டியோஸா, டிசையரா, சிட்டியா, சியாஸா?

ஐந்து, ஐந்தரை லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு ஒரு பழைய செடான் தேடும் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர்க்காரர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இதில் வரும் வண்டிகள் எங்கள் சொந்தபந்தத்திலும் தெருவிலும் பல வருடமாக ஓடுபவை. சிலவற்றை நானே மலை ஏற்றி இறக்கியிருக்கிறேன். மற்றவற்றில் பின் சீட்டில் போயிருக்கிறேன். குடும்ப வண்டியைப் பொறுத்தவரை பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் பாதி விஷயம் புரியும்.

பெரிய நகரத்தில் இருப்பவர்கள் செய்யும் ஒப்பீடு நமக்கு முழுதாகப் பொருந்தாது. அவர்களுக்கு சிக்னலும் மேம்பாலமும். நமக்குப் புளியரை எஸ் வளைவு, ஆரியங்காவு, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தை ஒட்டிப் போகும் சாலை, தென்மலை, புனலூர். தேசிய நெடுஞ்சாலை 744 என்று பெயர் பெரிதாக இருந்தாலும், மலைப் பகுதியில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். கேரளத்துக்கு ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகளின் பின்னால் ஊர்ந்து ஏறுவது நமக்கு அன்றாடம். குற்றால சீசனிலும் ஐயப்ப சீசனிலும் கேட்கவே வேண்டாம்.

போகாமலும் இருக்க முடியாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். கொண்டு கொடுத்த உறவு இன்றைக்கும் புனலூரிலும் கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. கல்யாணம், வளைகாப்பு, துட்டி வீடு என்று எதற்கும் மலை தாண்ட வேண்டும். அதைவிட முக்கியம் ஆஸ்பத்திரி. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரை மருத்துவமனைக்கும், ஆர்சிசி என்று நாம் சொல்லும் புற்றுநோய் மையத்துக்கும் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். செங்கோட்டையில் கிளம்பி, தென்மலையில் பிரிந்து குளத்தூப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். தூரம் பெரிதில்லை, ஆனால் வளைவு விடாது. பின் சீட்டில் எழுபது வயது அத்தை உட்கார்ந்து அந்த வழியில் போய்வந்து, மறுநாள் எழுந்து நடமாட வேண்டும். வண்டியை நான் எடைபோடுவது அதை வைத்துத்தான். மைலேஜும் சன்ரூஃபும் எனக்கு அப்புறம்தான்.

எட்டியோஸ்

2010 டிசம்பரில் வந்து 2020-இல் நின்றுபோன டொயோட்டா வண்டி. பார்வைக்கு ஒன்றும் இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மீட்டர் நடுவில் இருக்கும், உள்ளே பிளாஸ்டிக் சாதாரணம், கதவு சாத்தும் சத்தம் லேசானது, டயர் சத்தம் உள்ளே கேட்கும். எல்லாம் உண்மைதான்.

ஆனால் அத்தையை ஏற்றிப் பாருங்கள். பின் கதவு அகலமாகத் திறக்கும், சீட் உயரம் சௌகரியம், தரை கிட்டத்தட்ட சமதளமாக இருப்பதால் நடுவில் உட்காருபவர் காலை எங்கே வைப்பது என்று தவிக்க வேண்டியதில்லை. டிக்கி 595 லிட்டர். இந்த நான்கில் இதுதான் பெரியது. மடக்கு சக்கர நாற்காலி ஒன்றை வைத்து, அதன் பக்கத்தில் இரண்டு பெட்டியும் ஒரு அரிசி மூட்டையும் வைக்கலாம். சக்கர நாற்காலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் வீட்டுக்கு இது ஒன்றே போதும், மற்ற வண்டிகளைப் பார்க்கவே வேண்டாம் என்பேன்.

மலைக்கு இதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எனக்கு மிகவும் பிடித்தது. காகிதத்தில் 90 குதிரைத்திறன், 132 நியூட்டன் மீட்டர் இழுவை. அந்த 132 முழுதும் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடும். அதனால் எஸ் வளைவில் லாரி பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து, லாரி ஒதுங்கியதும் மிதித்தால், கியர் மாற்றாமலேயே எழும்பிவிடும். 1.4 டீசல் 68 குதிரைத்திறன்தான். வேகத்துக்குப் பதிலாக இழுவை தரும் டீசல் அது. ஐந்து பேர், ஏசி, ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் ஓவர்டேக் செய்யும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஆனால் நிதானமாக ஏறிக்கொண்டே இருக்கும், நிற்காது.

பின்னால் தனி ஏசி வென்ட் கிடையாது. வெயில் காலத்தில் புனலூர் தாண்டிப் புழுக்கத்தில் போகும்போது பின் சீட்டுக்காரர்கள் இதைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். வாங்கும்போது 2016-க்குப் பிந்தியதாகப் பாருங்கள். அந்த வருடம் வந்த மாடலிலிருந்து இரண்டு காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் எல்லா வேரியண்டிலும் உண்டு. அதே 2016-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எட்டியோஸ் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கியது.

எட்டியோஸில் பெரிய ஆபத்து அதன் பழைய தொழில்தான். டீசல் எட்டியோஸில் பெரும்பங்கு டாக்ஸியாக ஓடியவை. மஞ்சள் போர்டை வெள்ளையாக மாற்றி, சீட் கவர் புதிதாகப் போட்டு விற்பார்கள். டாக்ஸியாக ஓடினால் கெட்ட வண்டி என்று அர்த்தமில்லை. விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஸ்டியரிங் தோல் வழவழவென்று தேய்ந்து, பிரேக் மிதி ரப்பரின் ஓரம் கரைந்திருந்து, மீட்டர் மட்டும் அறுபதாயிரம் காட்டினால் அந்த மீட்டரை நம்பாதீர்கள். வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாறு கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

டிசையர்

நம் பக்கம் தெருவுக்குத் தெரு நிற்கும் மாருதி வண்டி. 2012 முதல் 2017 வரை வந்த இரண்டாவது தலைமுறையைத்தான் இந்த விலைக்குள் அதிகம் பார்ப்பீர்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் 2017-க்குப் பின் வந்தது. உதிரிபாகம், மெக்கானிக், திரும்ப விற்பது எதிலும் கவலை இல்லை. அச்சன்கோவில் பாதையில் வண்டி நின்றாலும் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் கிடைத்துவிடுவார். நாலு மீட்டருக்குள் அடங்குவதால் செங்கோட்டை உள்தெருக்களில் திருப்புவதும் சுலபம்.

அந்த நாலு மீட்டருக்குள் அடக்கத்தான் டிக்கியை வெட்டினார்கள். 2012 டிசையரின் டிக்கி 316 லிட்டர். எட்டியோஸில் பாதிக்குச் சற்று மேல். கல்யாண வீட்டுக்குப் போகும்போது மடியில் பை வைத்துக்கொண்டு உட்கார வேண்டிவரும். 2017 மாடலில் 378 லிட்டர் ஆனது, பின் ஏசி வென்ட்டும் வந்தது. வசதியில் இரண்டும் வேறு வேறு வண்டி என்றே சொல்லலாம். பணம் இடம்கொடுத்தால் புதியதையே பாருங்கள்.

டீசல் டிசையரில் இருப்பது ஃபியட்டிடமிருந்து வந்த 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின். நெடுஞ்சாலையில் இதன் மைலேஜைப் புகழாதவர் இல்லை. மலையில் இதன் சுபாவத்தைத் தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ விழித்திருக்காது. எஸ் வளைவின் நடுவில், ஐந்து பேரோடு, ஏசி ஓட, எதிரே பஸ் வருகிறது என்று வேகத்தைக் குறைக்கிறீர்கள். இரண்டாவது கியரிலேயே மறுபடி மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. வண்டி முனகும், பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரன் அடிப்பார், பிறகு திடீரென்று இழுக்கும். பழகியவர்கள் வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுவார்கள். எங்கள் மாமா ஒருவர் இப்படித்தான் வருடக்கணக்காக ஓட்டுகிறார். “முன்னாடியே கியரப் போட்டுட்டா அது கழுதை மாதிரி ஏறும் மாப்ள” என்பார். அதே வண்டியைப் புதிதாக லைசென்ஸ் எடுத்த மகளிடம் கொடுக்க அவருக்கு மனம் வருவதில்லை. வீட்டில் மூன்று நான்கு பேர் மாறி மாறி ஓட்டும் குடும்பமாக இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளட்சைக் கவனித்துப் பார்க்க வேண்டியதும் இதனால்தான். மலைப்பாதையில் ஓடிய டீசலில் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் முந்தைய ஓனருக்கு இருந்திருந்தால், பிளேட் சீக்கிரம் தேயும். ஏற்றத்தில் நிறுத்தி மூன்றாவது கியரில் கிளம்பப் பாருங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் இன்ஜின் மட்டும் சத்தம் போட்டால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

சிட்டி

ஹோண்டாவின் இந்த வண்டி ஓட்டுகிறவனுக்கானது. 2014 ஜனவரியில் வந்த நான்காவது தலைமுறைதான் இங்கே பேச்சு. 1.5 ஐ-விடெக் பெட்ரோல், 119 குதிரைத்திறன். தென்மலை தாண்டி சாலை கொஞ்சம் விரியும் இடங்களில் மூன்றாவது கியரில் சுற்றை ஏற்றினால் வரும் சந்தோஷம் மற்ற மூன்றிலும் கிடைக்காது. இன்ஜின் நீடித்து உழைக்கும் என்ற பெயரும் வாங்கியது. பின் சீட் இடம் தாராளம், ஏசி வென்ட் உண்டு, டிக்கி 510 லிட்டர். 2022-இல் குளோபல் என்கேப் சோதனையில் இதுவும் நான்கு நட்சத்திரம்.

அப்படியானால் இதையே வாங்கிவிடலாமே என்றால், எனக்கு இரண்டு தயக்கம். முதலாவது, இழுவை. 145 நியூட்டன் மீட்டர் என்பது எட்டியோஸைவிட அதிகம்தான். ஆனால் அது 4,600 சுற்றில் கிடைப்பது. லாரி பின்னால் ஊரும்போது அந்தச் சுற்றுக்கு யாரும் போவதில்லை. கியரை அடிக்கடி மாற்றினால்தான் சுகம். இரண்டாவது, தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நடுவில் உள்ள உயரம். 165 மில்லிமீட்டர் என்று கணக்கில் இருந்தாலும் ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். புனலூர்ப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரோடு மேலே இருக்கும், வீடு கீழே இருக்கும், நடுவில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவு. அந்தச் சரிவு ரோட்டோடு சேரும் இடத்தில் முன் பம்பரின் கீழ் உதடு உரசும். வாங்கும் முன் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, நீங்கள் அடிக்கடி போகும் வீட்டுச் சரிவில் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். வேறெங்கே ஓட்டிப் பார்த்தும் இது தெரியாது.

சிட்டி டீசல் மைலேஜில் கெட்டி. ஆனால் உள்ளே கேட்கும் சத்தம் பெட்ரோல் சிட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பெட்ரோல் சிவிடி நல்ல தேர்வு, கியர் எண்ணெய் நேரத்துக்கு மாற்றிய பில் இருந்தால் மட்டும். இதற்கு முந்தைய தலைமுறை சிட்டியில் 2012-இல் தயாரான வண்டிகளை டகாட்டா கம்பெனியின் பழுதான காற்றுப்பைக்காக 2017-இல் திரும்ப அழைத்தார்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று அந்த வருடத்துச் சிட்டி பக்கம் போனால், அந்தக் காற்றுப்பை மாற்றப்பட்டதா என்பதைச் சேஸிஸ் எண்ணை வைத்து கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்யாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

சியாஸ்

2014 அக்டோபரில் வந்த மாருதி வண்டி. 2018 வரை 1.4 பெட்ரோல், பிறகு 1.5. நம் தொகைக்கு 1.4-தான் வரும். வெறும் 92 குதிரைத்திறன், 130 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் சிட்டிக்கு முன்னால் நிற்காது. ஆனால் வண்டி எடை குறைவு, கிளட்ச் மென்மை, கியர் மாற்றுவதும் லேசு. யார் ஓட்டினாலும் ஒரே மாதிரி ஓடும். பின் சீட்டில் கால் நீட்ட இந்த நான்கில் இதற்கு இணை இல்லை. சீட் கொஞ்சம் தாழ்வு, எட்டியோஸில் ஏறுவது போல அத்தனை சுலபமாக ஏற முடியாது. உட்கார்ந்துவிட்டால் நெடுமங்காடு வளைவுகளில் பின் சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டே வருவார். சஸ்பென்ஷன் பள்ளத்தை உள்வாங்குவதில் சிட்டியைவிட எனக்கு இதுவே பிடித்தது.

நீளம் 4,490 மில்லிமீட்டர். போர்ச் சின்னதாக இருக்கும் வீடுகளில் டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். கதவு சாத்தாமல் வண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உற்பத்தி 2025-இல் நின்றுவிட்டது, ஆனால் உள்ளே இருப்பது மாருதி சாமான். இன்ஜின், பிரேக் சம்பந்தப்பட்டவை தென்காசியிலேயே கிடைக்கும். விளக்கு, பம்பர் போன்ற உடல் பாகங்களுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிவரலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் வந்த ஃப்ளூயிடிக் வெர்னாவின் 1.6 டீசல் 128 குதிரைத்திறன், மலையை மேடாகவே நினைக்காது. ஆனால் பின் சஸ்பென்ஷன் மெத்தென்று இருப்பதால் வளைவில் பின் சீட்டுக்காரர்களுக்கு வயிற்றைப் புரட்டும், வாந்தி எடுக்கும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. வென்டோ, ரேபிட் இரண்டும் கெட்டியான உடம்பு, அருமையான பிடிமானம். ஆனால் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கை வாரண்டி முடிந்த நிலையில், லாரிக்குப் பின்னால் ஊரும் மலைப்பாதைக்கு வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் சூட்டிலும் ஊர்தலிலும் தொல்லை தரும் என்பது பரவலாகப் பேசப்பட்ட விஷயம், பழுது வந்தால் செலவு பெரிது.

பெட்ரோலா டீசலா

நம் ஊரில் இன்னமும் “குடும்பத்துக்கு டீசல்தான்” என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 92.50 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் செடான் லிட்டருக்கு 15, டீசல் 20 தருகிறது என்போம். மாதம் 800 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 5,400 ரூபாய், டீசலுக்கு 3,700. வித்தியாசம் மாதம் 1,700, வருடத்துக்கு இருபதாயிரம். ஒரு கிளட்ச் செட்டோ, டர்போவோ, இன்ஜெக்டரோ வேலை வைத்தால் இரண்டு வருட மிச்சம் போய்விடும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு வித்தியாசம் 4,200, வருடத்துக்கு ஐம்பதாயிரம். அவர் தாராளமாக டீசல் வாங்கலாம். பள்ளிக்கூடம், கடைவீதி, மாதம் ஒருமுறை திருவனந்தபுரம் என்று ஓடும் சாதாரணக் குடும்பத்துக்குப் பெட்ரோல்தான் நிம்மதி.

பழைய பெட்ரோல் வண்டிக்கு இப்போது இ20 பெட்ரோல் ஒரு பேச்சு. இருபது சதம் எத்தனால் கலந்ததால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பத்து வருடம் தாண்டிய வண்டியில் எரிபொருள் குழாய்கள், ரப்பர் வாஷர்கள் வெடித்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றினால் பெரிய செலவு இல்லை. அப்புறம், எந்த வண்டியானாலும் டேங்கை இந்தப் பக்கமே நிரப்பிக்கொண்டு மலை ஏறுங்கள். கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு இருக்கிறது.

மலைக்கு எந்தப் பக்கத்து வண்டி?

என்னைக் கேட்டால் எந்த மாடல் என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி. ஒரே வருடத்து ஒரே மாடல் புனலூர்ப் பதிவான கேஎல் 25-லும் இருக்கும், தென்காசிப் பதிவான டிஎன் 76-லும் இருக்கும்.

கேரள வண்டிகளில் நல்லது நிறைய. கம்பெனியில் ஒழுங்காக சர்வீஸ் செய்து, பில்லை ஃபைல் போட்டு வைத்திருக்கும் ஓனர்களை அங்கே அதிகம் பார்க்கலாம். கல்ஃபில் இருப்பவர் லீவுக்கு வரும்போது மட்டும் எடுக்கும் வண்டியும் சந்தைக்கு வரும். கிலோமீட்டர் குறைவு என்பதற்காக அதில் மயங்க வேண்டாம். நின்றே கிடந்த வண்டியில் டயர் இறுகிப்போயிருக்கும், பேட்டரி போயிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரோடு மழையில் மலை இறங்க வேண்டாம்.

கடலோர வண்டி என்றால் துரு. கொல்லம், கருநாகப்பள்ளி வண்டிகளில் கதவின் அடி ஓரம், சக்கர வளைவின் உள்பக்கம், டிக்கி விரிப்பின் கீழ் என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். நம் பக்கம் தூத்துக்குடி வண்டிக்கும் இதே பரிசோதனை உண்டு. மற்றபடி திருநெல்வேலி, சங்கரன்கோவில் பக்கத்து வண்டிகளில் துரு குறைவு. வெயிலில் பெயிண்ட் வெளிறியிருக்கும், நாலு வழிச்சாலையில் கிலோமீட்டர் நிறைய ஓடியிருக்கும்.

மிகவும் பயப்பட வேண்டியது வெள்ளத்தில் முங்கிய வண்டிக்குத்தான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ரான்னி, ஆரன்முளா, செங்கன்னூர், பந்தளம், ஆலுவா என்று எத்தனையோ ஊர்களில் வண்டிகள் கூரை வரை தண்ணீரில் நின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு முடித்துவிட்ட வண்டிகள் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வருவது உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கினார். வெளியே பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம் பவர் விண்டோ, அப்புறம் மீட்டர், அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் என்று வரிசையாக நின்றது. விற்றவர் போனை எடுப்பதே இல்லை.

அதனால் 2018-க்கு முந்தைய கேரள வண்டி எதைப் பார்த்தாலும் முதலில் சீட் பெல்ட்டை முழுதாக, கடைசி வரை இழுக்கச் சொல்வேன். கழுவுகிறவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், தரை விரிப்பை மாற்றுவார்கள். பெல்ட்டின் சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் தொடுவதில்லை. தண்ணீர் நின்ற மட்டத்தில் அங்கே பழுப்பாக ஒரு கோடு இருக்கும், நகத்தால் சுரண்டினால் மண் வரும். அடுத்து முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தரையில் பூட்டியிருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். டேஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்து, பெயிண்ட் அடிக்காத இரும்புப் பட்டைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

டெல்லி வண்டியும் நம் பக்கம் வருகிறது. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை விதிக்கப்பட்டதால் மலிவாகச் சந்தைக்கு வந்தவை அவை. நம் மாநிலத்தில் அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் அங்கே யார் வைத்திருந்தார், எப்படி வைத்திருந்தார் என்று நேரில் போய்க் கேட்க வழியில்லை. புனலூர் ஓனரை வீட்டுக்கே போய்ப் பார்த்து, ஒரு கட்டன் சாயா குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம். அந்த வசதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

காகிதம்

கேரள வண்டியை இங்கே கொண்டுவந்தால் வேலை கொஞ்சம் இருக்கிறது. பழைய ஆர்டிஓவிடம் படிவம் 28-இல் என்ஓசி என்னும் தடையில்லாச் சான்று, விற்பனைக்குப் படிவம் 29, 30, லோன் இருந்திருந்தால் முடிந்ததற்குப் படிவம் 35. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. அதற்குப் படிவம் 27-ம், இங்கே கட்ட வேண்டிய வரியும். வரி வண்டியின் வயதைப் பொறுத்தது. பேரம் பேசும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் தொகையைக் கேட்டு, அதை வண்டி விலையோடு கூட்டித்தான் தமிழ்நாட்டு வண்டியோடு ஒப்பிட வேண்டும். கூட்டிப் பார்த்தால் மலிவாகத் தெரிந்த கேரள வண்டி பல நேரம் மலிவாக இருக்காது. அங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்க வழி உண்டு, அலைச்சலும் உண்டு.

2023 ஜூனிலிருந்து கேரளச் சாலைகளில் ஏஐ கேமரா அபராதம் போடுகிறது. ஓனருக்கே தெரியாமல் வண்டி மேல் அபராதம் சேர்ந்திருக்கும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இன்சூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளைம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பதிவு முடியும் தேதியையும் பாருங்கள். 2012 வண்டிக்கு 2027-இல் பதினைந்து வருடம் முடிகிறது. அதன்பின் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமே 5,000 ரூபாய், முன்பு 600-ஆக இருந்தது. ஒரு லட்சம் குறைவாகக் கிடைக்கிறதே என்று 2012 பக்கம் போகிறவர்கள் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

என் தேர்வு

வீட்டில் நான்கைந்து பேர், இரண்டு மூன்று பேர் ஓட்டுவார்கள், மாதம் ஒன்றோ இரண்டோ தடவை மலை தாண்ட வேண்டும் என்றால் 2016, 2017 வருடத்துச் சியாஸ் 1.4 பெட்ரோல். காற்றுப்பை இரண்டும் ஏபிஎஸ்ஸும் இருக்கும் வேரியண்டாக. நடக்க முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால், அல்லது சாமான் நிறைய ஏற்றுகிறவர் என்றால், யோசிக்காமல் எட்டியோஸ் பெட்ரோல். அதன் அழகின்மை இரண்டாவது வாரம் மறந்துவிடும், கதவின் அகலம் தினமும் உதவும். தனியாக நீங்கள் ஒருவரே ஓட்டுவீர்கள், ஓட்டுவதில் ஆசை, வீட்டு வாசல் சமதளம் என்றால் சிட்டி. வியாபாரத்துக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி, மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் என்றால் 2017-க்குப் பிந்திய டிசையர் டீசல்.

எதை வாங்கினாலும் கையிலிருக்கும் தொகை முழுதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். நாற்பது, ஐம்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டரும், பிரேக் பேடு பார்த்தல். பிரேக் ஆயிலைக் கண்டிப்பாக மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது, பழையதானால் ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது சூட்டில் கொதித்து, மிதி மெத்தென்று உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதைப் பழைய ஓனர்களில் பாதிப் பேர் மாற்றியே இருக்க மாட்டார்கள். டயர் வாங்க வேண்டியிருந்தால் சாரல் தொடங்கும் ஜூனுக்கு முன்பே நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.